சூயஸ் பெரிதா, பனாமா பெரிதா? கப்பல் கால்வாயை எப்படி அளப்பது

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். உலகத்தின் பெரிய கப்பல் கால்வாய் சூயஸா, பனாமாவா? சூயஸில் கப்பல் நேராகப் போய்விடுகிறது, பனாமாவில் மட்டும் படியேறி இறங்குகிறதே, இரண்டு பக்கத்துக் கடல் மட்டமும் வேறுவேறு என்பதாலா?

சரக்குக் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்தவன் நான். இரண்டு கால்வாய்களையும் பல தடவை கடந்திருக்கிறேன். பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். ஏனென்றால் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் நீளக் கணக்கு இந்த விஷயத்தில் அவ்வளவாக உதவாது.

சூயஸின் நீளம் 193 கி.மீ. பனாமா சுமார் 82 கி.மீ. சூயஸ்தான் பெரிது என்று முடித்துவிடலாம். ஆனால் ரஷ்யாவில் வெள்ளைக்கடலையும் பால்டிக்கையும் இணைக்கும் கால்வாய் 227 கி.மீ. 1933இல் கைதிகளைக் கொண்டு வெட்டி முடித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் அதில் செத்தார்கள். அவ்வளவு உயிரைக் கொடுத்து வெட்டிய அந்தக் கால்வாயின் ஆழம் நாலு மீட்டர் அளவுதான், பெரிய கடற்கப்பல் எதுவும் அதற்குள் நுழைய முடியாது. நம் பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை 400 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது, சூயஸைப் போல இரண்டு மடங்கு நீளம். அதில் போனது உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள்.

ஆக, மாலுமிகள் கால்வாயின் நீளத்தைக் கேட்பதில்லை. மூன்று விஷயங்களைக் கேட்பார்கள்: மிகக் குறுகிய இடம் எவ்வளவு அகலம், மிக ஆழம் குறைந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர், மேலே பாலம் இருந்தால் எவ்வளவு உயரம். ஊருக்கு வரும் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், நடுவில் ஒரு தாழ்வான ரயில்வே பாலம் இருந்தால் லாரியில் எவ்வளவு உயரத்துக்கு வைக்கோல் ஏற்றலாம் என்பதை அந்தப் பாலம்தானே முடிவு செய்கிறது? அதே கதைதான் இங்கேயும்.

சரி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குள்தான் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

கடல் மட்டம் வேறுவேறு என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். நெப்போலியன் எகிப்துக்குப் போனபோது அவருடைய நில அளவையாளர்கள் சூயஸ் பகுதியை அளந்து, செங்கடல் மத்தியதரைக் கடலைவிட ஒன்பது பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று தப்பாகக் கணக்குப் போட்டார்கள். கால்வாய் வெட்டினால் கடல் பாய்ந்து எகிப்து மூழ்கும் என்ற பயம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1847இல் மறுபடி கவனமாக அளந்தபோதுதான் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்று தெரிந்தது. நடுவில் இருந்த நிலமும் தாழ்வான மணல்வெளி, வழியில் ஏரிப் பள்ளங்கள் வேறு. அதனால் சூயஸ் என்பது ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு வெட்டிய நேரான பள்ளம், அவ்வளவுதான். ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ் தலைமையில் பத்து வருடம் வெட்டி, 1869 நவம்பர் 17இல் திறந்தார்கள். ஆரம்ப வருடங்களில் எகிப்திய விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்து தோண்டவைத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிற்பாடுதான் தூர்வாரும் இயந்திரங்கள் வந்தன.

பனாமாவிலும் கடல்மட்ட வித்தியாசம் காரணம் இல்லை. பசிபிக் பக்கம் சராசரி மட்டம் சுமார் 20 செ.மீ. உயரம், அது ஒரு பொருட்டே இல்லை. வித்தியாசம் ஓதத்தில் இருக்கிறது. கரீபியன் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், பசிபிக் பக்கம் ஆறு மீட்டர் வரை போகும். அதனால்தான் பசிபிக் கரையோரம் மிராஃப்ளோரெஸ் என்ற இடத்தில் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டியின் கதவுகள் மற்றதைவிட உயரம். ஆனால் படி கட்டியதற்கு உண்மையான காரணம் மலையும் ஓர் ஆறும்.

சூயஸில் ஜெயித்த அதே டி லெசெப்ஸ், பனாமாவிலும் கடல் மட்டத்துக்கே வெட்டிவிடலாம் என்று பிடிவாதமாக 1881இல் ஆரம்பித்தார். அங்கே மணல் இல்லை, வழுக்கும் களிமண் மலை. தோண்டத் தோண்டச் சரிந்தது. சாக்ரெஸ் என்ற காட்டாறு மழைக்காலத்தில் ஒரே நாளில் பொங்கி, வெட்டிய பள்ளத்தை நிரப்பியது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சேர்ந்து இருபதாயிரம் பேர் அளவில் கொன்றன. 1889இல் கம்பெனி திவாலானது. பிறகு 1904இல் அமெரிக்கர்கள் வந்தார்கள். கொசு ஒழிப்பை வில்லியம் கோர்கஸ் என்ற மருத்துவர் முன்னின்று நடத்தினார். அப்படியும் கணக்கில் வந்த சாவு 5,609. அதில் பெரும்பாலோர் காரிபியன் தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

அமெரிக்கர்களின் வேலையில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது தோண்டியது இல்லை. எந்த ஆறு தொல்லை கொடுத்ததோ, அந்த ஆற்றையே அணை கட்டி மறித்து மலைக்கு மேல் ஓர் ஏரியாக்கிவிட்டார்கள். அதுதான் காத்துன் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரம். மலையின் தாழ்ந்த இடம் 64 மீட்டர் இருந்தது, அதைக் கடல் மட்டம் வரை வெட்டாமல் 12 மீட்டர் வரை வெட்டி நிறுத்தினார்கள். ஏரித் தண்ணீர் அந்த வெட்டுக்குள் வந்து நின்றது. அது குலேப்ரா வெட்டு. இப்போது கப்பல் ஒரு பக்கம் 26 மீட்டர் ஏறி, ஏரியில் மிதந்துபோய், மறுபக்கம் இறங்க வேண்டும். 1914 ஆகஸ்ட் 15இல் திறந்தார்கள்.

ஏற்றி இறக்குவது லாக். இரண்டு பக்கமும் கதவு வைத்த நீண்ட கான்கிரீட் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கீழ்மட்டத்தில் உள்ளே வரும். பின்கதவை மூடுவார்கள். மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பக் கப்பல் எழும்பும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். பனாமாவில் காத்துன் பக்கம் இப்படி மூன்று படி, மறுபக்கம் பெத்ரோ மிகேலில் ஒன்று, மிராஃப்ளோரெஸில் இரண்டு.

இதில் பம்ப் எதுவும் கிடையாது. எல்லாம் மேலிருந்து கீழே பாயும் தண்ணீர்தான். சுவருக்குள் ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள சுரங்கக் குழாய்கள் ஓடுகின்றன, அவற்றிலிருந்து கிளை பிரிந்து தொட்டியின் தரையெங்கும் துளைகள். ஒரு பக்கத்திலிருந்து பாய்ந்தால் கப்பல் அலைக்கழிந்து சுவரில் மோதும், தரை முழுவதிலிருந்தும் ஊற்று மாதிரி வருவதால் நேராக எழும்புகிறது. எட்டு நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும். கதவுகளும் அழகு. இரண்டு மீட்டர் தடிமன் உள்ள இரட்டைக் கதவுகள், மூடும்போது நேர்க்கோட்டில் சேராமல் உயர்மட்டத் தண்ணீரைப் பார்த்து அம்புமுனை போலக் கூம்பி நிற்கும். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுகும். மட்டம் சமமாகும் வரை யார் நினைத்தாலும் திறக்க முடியாது. உள்ளே கூடாக இருப்பதால் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கதவு பாதி மிதந்தபடி சுழல்கிறது, சிறிய மோட்டாரே போதும்.

முதல் தடவை பனாமா போனபோது முன்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துடுப்புப் படகில் இரண்டு பேர் வந்தார்கள். இவ்வளவு பெரிய கப்பலுக்கு முதல் கயிற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது துடுப்புப் படகு! நூறு வருடமாக அப்படித்தான். அந்தக் கயிறு வழியாக எஃகு வடம் வரும், இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் ஓடும் ரயில் என்ஜின்கள் அந்த வடத்தைப் பிடித்துக் கப்பலை நடுவில் நிறுத்தும். கப்பல் தன் சொந்த என்ஜினில்தான் நகரும், ரயில் என்ஜின்கள் சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்வதற்கு. இன்னொரு விஷயம், மற்ற இடங்களில் பைலட், அதாவது கப்பலில் ஏறி வழிகாட்டும் உள்ளூர் மாலுமி, கேப்டனுக்கு ஆலோசகர். பனாமாவில் கப்பலைச் செலுத்தும் பொறுப்பே பைலட் கைக்குப் போய்விடும். சுவரைப் பார்த்ததும் ஏன் என்று புரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது.

பழைய தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், நீளம் 305 மீட்டர். அதில் போக அனுமதித்த கப்பலின் அகலம் 32.3 மீட்டர். பக்கத்துக்கு 60 செ.மீ. இடைவெளி! கட்டும்போது இன்னும் குறுகலாகத்தான் வைக்க இருந்தார்கள், அமெரிக்கக் கடற்படை கேட்டதால் அகலப்படுத்தினார்கள். அந்த ஒரு முடிவு நூறு வருடம் உலகத்தின் கப்பல் கட்டும் தளங்களை ஆட்டிப்படைத்தது. பனாமா பக்கமே போகாத கப்பலைக்கூட எதற்கும் இருக்கட்டும் என்று அந்த அகலத்தில் கட்டினார்கள். அந்த அளவுக் கப்பலுக்குப் பனாமேக்ஸ் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் ஐயோவா வகைப் போர்க்கப்பல்களின் அகலமும் 33 மீட்டர்தான், அதற்குமேல் போனால் கால்வாயில் நுழையாது என்பதால்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒரு கப்பல் பழைய பாதையில் பனாமாவைக் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் ஏரியிலிருந்து கடலுக்குப் போய்விடும். மூன்று படி ஏறுவதற்கு மூன்று தொட்டித் தண்ணீர் செலவாகும் என்று தோன்றும், அப்படி இல்லை. மேல் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர்தான் நடுத்தொட்டியை நிரப்பும், நடுத்தொட்டித் தண்ணீர் கீழ்த்தொட்டியை நிரப்பும். ஏரி கொடுப்பது ஒரு பக்கத்துக்கு ஒரு தொட்டி அளவு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 20 கோடி. சின்னப் படகு வந்தாலும் அந்தத் தொட்டி நிரம்பியாக வேண்டும். 1928இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் கால்வாயை நீந்திக் கடந்தார். எடைக்கு ஏற்ற கட்டணமாக அவரிடம் வாங்கியது 36 சென்ட். கதவுகளை அவருக்காகவே திறந்து மூடினார்கள். அந்த 36 சென்டுக்கு எத்தனை கோடி லிட்டர் என்று நினைத்துப் பாருங்கள்.

2016 ஜூன் 26இல் பக்கத்திலேயே புதிய பெரிய தொட்டிகளைத் திறந்தார்கள்: 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், 18.3 மீட்டர் ஆழம். இவ்வளவு பெரிய தொட்டி, ஆனால் ஒரு தடவைக்குப் பழையதைவிட 7 சதவீதம் குறைவான தண்ணீர்தான் எடுக்கிறது. எப்படி? ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் படிப்படியாக மூன்று குளங்கள் கட்டியிருக்கிறார்கள். தொட்டியில் இறங்க வேண்டிய தண்ணீரை ஐந்து அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலடுக்கு முதலில் உயரமான குளத்துக்குப் பாய்கிறது, இரண்டாவது அடுக்கு நடுக்குளத்துக்கு, மூன்றாவது தாழ்ந்த குளத்துக்கு. மிச்சம் இரண்டு அடுக்கு மட்டும் கீழே போய்விடும். அடுத்த கப்பலை ஏற்றும்போது தாழ்ந்த குளத்துத் தண்ணீர் தொட்டியின் அடியடுக்கை நிரப்பும், நடுக்குளம் அதற்கு மேலடுக்கை, உயரக் குளம் மூன்றாவதை. கடைசி இரண்டு அடுக்குக்கு மட்டும் மேலிருந்து புதுத் தண்ணீர். ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 சதவீதம், மறுபடி பயன்படுகிறது. இதிலும் பம்ப் இல்லை, ஒவ்வொரு பாய்ச்சலும் பள்ளம் நோக்கியே. தஞ்சாவூர்ப் பக்கம் மேல் வயல் வடிநீர் கீழ் வயலுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆனால் மறுபடி மறுபடி பயன்படுத்தும் தண்ணீரில் கடலுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். காத்துன் ஏரிதான் பனாமா நகருக்கும் கோலோனுக்கும் குடிநீர். ஆகவே சிக்கனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 2023இல் எல் நினோவால் மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளைக்கு 36 கப்பல் போகிற இடத்தில் 24 ஆகக் குறைத்தார்கள். புதிய தொட்டிகளில் 15.2 மீட்டர் அமிழும் கப்பல் போகலாம் என்றிருந்ததை 13.4 மீட்டராக்கினார்கள். தொட்டியின் கான்கிரீட் அப்படியேதான் இருந்தது, ஏரி இறங்கியதும் கால்வாய் சின்னதாகிவிட்டது. பனாமாவின் அளவை மழை முடிவு செய்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

சூயஸில் இந்தக் கவலை கிடையாது, கடல் வற்றாது. ஆழம் 24 மீட்டர், 20.1 மீட்டர் வரை அமிழும் கப்பலை விடுகிறார்கள். மேலே பாலத்துக்காக உயர வரம்பு 68 மீட்டர். 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம் உள்ள இன்றைய மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்கள் சூயஸில் போகும். பனாமாவின் புதிய தொட்டியில்கூட நுழையாது. முழுச் சுமையோடு வரும் மிகப்பெரிய எண்ணெய்க் கப்பல் சூயஸிலும் தட்டிவிடும், இன்னும் ஆழமாக அமிழும். அதனால் செங்கடல் பக்கத்தில் ஐன் சுக்னாவில் எண்ணெயைக் குழாயில் இறக்கிவிட்டு, கால்வாயைக் கடந்து மத்தியதரைக் கடல் பக்கம் மறுபடி ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது.

லாக் இல்லையென்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். குறுகிய பள்ளத்தில் பெரிய கப்பல் போகும்போது, அது தள்ளும் தண்ணீர் பக்கவாட்டில் ஒதுங்க இடமில்லாமல் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வேகமாகப் பின்னால் ஓடும். வேகமாக ஓடும் தண்ணீரில் அழுத்தம் குறையும். கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே அமுங்கும். ஒரு கரைக்கு நெருங்கிவிட்டால் பின்பக்கத்தைக் கரை இழுக்கும், முன்பக்கம் எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பும். திருத்துவதற்கு வேகம் கூட்டினால் இழுப்பும் கூடும். சூயஸில் சுக்கான் பிடிப்பவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் யாரும் அநாவசியமாகப் பேச மாட்டார்கள்.

2021 மார்ச் 23இல் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸில் மாட்டியது பலமான காற்றும் மணற்புயலும் அடித்த நாளில். 400 மீட்டர் நீளக் கப்பல், சிப்பந்திகள் 25 பேரும் இந்தியர்கள். கால்வாயின் அகலத்தைவிடக் கப்பலின் நீளம் அதிகம், அதனால் குறுக்கே திரும்பியதும் இரண்டு கரையிலும் குத்தி நின்றது. மேலே பார்க்க 200 மீட்டருக்கு மேல் தண்ணீர் தெரிந்தாலும், கரை சாய்வாக இறங்குவதால் ஆழமான பகுதி அதில் ஒரு பங்குதான். ஆறு நாள் தோண்டி, இழுவைப் படகுகள் இழுத்து, பௌர்ணமி ஓதம் கைகொடுத்து 29ஆம் தேதி விடுவித்தார்கள். அதற்குள் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில்.

மற்ற கால்வாய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் கீல் கால்வாய் 98 கி.மீ., 1895இல் திறந்தது. ஒன்பதரை மீட்டர்தான் அமிழலாம், ஆனால் கப்பல்களின் எண்ணிக்கையில் சூயஸும் பனாமாவும் அதற்குப் பின்னால்தான். கனடாவின் வெல்லண்ட் கால்வாய் நயாகரா அருவியைச் சுற்றிக்கொண்டு எட்டு லாக்கில் 99.5 மீட்டர் ஏறுகிறது, பனாமாவைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. அங்கே பக்கத்துக்கு முப்பது செ.மீ. இடைவெளிதான். கிரேக்கத்தின் கொரிந்துக் கால்வாய் 6 கி.மீ. சொச்சம், பாறையைச் செங்குத்தாக அறுத்தது, பார்க்க அதைவிட அழகான கால்வாய் இல்லை. வணிகத்துக்கு அது மிகச் சின்னது. தனி லாக் என்று எடுத்தால் உலகத்திலேயே பெரியது நெதர்லாந்தின் ஐமாய்டனில், 2022இல் திறந்தது: 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம். அது மலையேற இல்லை, கடல் ஓதத்தைத் தடுத்து ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்கு வழிவிட.

அடுத்து வரும் கேள்வி சேது சமுத்திரம்தான் என்று தெரியும். 2005 ஜூலை 2இல் மதுரையில் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் நிலத்தை வெட்டுவது இல்லை, பாக் நீரிணையின் கடலடியைத் தூர்வாரி 300 மீட்டர் அகலத்தில், 12 மீட்டர் ஆழத்தில் ஒரு பாதை போடுவது. ராமர் பாலம் குறித்த வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு அங்கே வேலை நின்றது. அரசியலையும் நம்பிக்கையையும் தள்ளிவைத்து மாலுமியாகச் சொன்னால், 12 மீட்டர் ஆழத்தில் சுமார் 30,000 டன் கப்பல்தான் போகும். இன்று கொழும்பைச் சுற்றிப் போகும் பெரிய கப்பல்கள் அப்போதும் கொழும்பைச் சுற்றித்தான் போயிருக்கும். மணல் நகரும் கடல் என்பதால் வருடா வருடம் தூர்வார வேண்டும் என்பதும் உண்டு.

கடைசியாக, பனாமாவையும் சூயஸ் மாதிரி கடல் மட்டத்துக்கு வெட்டிவிட்டால் தண்ணீர்ப் பஞ்சமே இருக்காதே என்று கேட்கலாம். 1960களில் அமெரிக்கா ஒரு ஆணையம் வைத்து இதை ஆராய்ந்தது, அணுகுண்டு வெடித்து மலையைப் பிளக்கலாமா என்பதுவரை யோசித்தார்கள். நல்லவேளை, 1970இல் அறிக்கை வந்ததோடு நின்றுவிட்டது. அப்படி வெட்டியிருந்தால் ஆறு மீட்டர் பசிபிக் ஓதம் அந்தப் பள்ளத்துக்குள் ஆறு போல ஓடியிருக்கும், இரண்டு பெருங்கடல் உயிரினங்களும் கலந்திருக்கும், இரண்டு நகரங்களின் குடிநீர் ஏரி போயிருக்கும். இப்போது பனாமா யோசிப்பது இன்னோர் அணை. பக்கத்தில் ஓடும் இந்தியோ ஆற்றை மறித்து, அந்தத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் காத்துன் ஏரிக்குக் கொண்டுவரத் திட்டம். அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் விவசாயிகள் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.